மூன்றாம் குகை, எட்டு மடங்கு மெதுவாக

எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
செம்பனைக் குலைகளோடு லாரி ஏறினால்
திரையில் எண்கள் கொஞ்சம் தள்ளாடும்,
பிறகு நிற்கும்.
நிற்கிற வரைக்கும் கைக்கு வேலை இல்லை.
அந்த இடைவெளிகளில்தான் இதைச் செய்தேன்,
பதினொரு வாரம்.

மூல இசை நாற்பத்தொரு விநாடி.
இரண்டு சதுர அலை, ஒரு முக்கோணம், ஓர் இரைச்சல்;
அந்தப் பெட்டிக்கு வாய்த்த தொண்டை அவ்வளவுதான்.
நாற்பத்தொன்று முடிந்ததும்
முதல் சுரத்துக்கே திரும்பிவிடும்.
ஜப்பானில் யாரோ, மாதச் சம்பளத்துக்கு,
முடிவை எழுதாமலே எழுந்து போயிருக்கிறார்.
முடிவு விளையாடுகிறவர் பாடு:
முள்ளில் விழலாம்,
அல்லது காசு தீரலாம்.

எங்களுக்குக் காசு தீர்ந்தது.
கோலக்கெட்டில் பழைய பசாரில், சைக்கிள் கடை மாடியில்
அரை மணிக்கு ஐம்பது காசு.
நானும் தயாளனும் ஆளுக்கு இருபத்தைந்து போட்டு
ஒரே கைப்பிடிக்கு அடித்துக்கொள்வோம்.
மூன்றாம் குகைக்கு அப்பால் என்ன என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலில் எட்டு மடங்கு இழுத்தேன்.
சதுரத்தின் மூலைகள் கேட்டன.
இரைச்சலை உருவி எடுத்துவிட்டு
கொதிகலன் நீராவி கக்கும் சத்தத்தை அங்கே வைத்தேன்,
கைப்பேசியைத் துவாலையில் சுற்றிப் பிடித்தது.
முக்கோணத்துக்குத்தான் ஒன்றும் பொருந்தவில்லை.
உறுமி அதிகம் பேசியது.
தண்ணீர்ப் பம்பு பாதியில் சுருதி விட்டது.
கடைசியில்,
லாரி ஏறும்போது மேடையின் இரும்பு முனகுமே,
அது.
காலி வண்டிக்கு ஒரு சுரம்,
இருபது டன்னுக்கு ஒரு சுரம்;
நடுவில் ச-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரம்,
கிட்டத்தட்ட.
அந்தக் கிட்டத்தட்டவை நான் திருத்தவில்லை.

தயாளன் கேட்டுவிட்டு
'பாட்டு எங்கே?' என்றான்.
உள்ளே இருக்கிறது என்றேன்.
'பேய்ப் படத்துக்குக் கொடுக்கலாம்லா' என்று
மீகோரெங்கைத் தொடர்ந்து தின்றான்.

நேற்று ஆலையில் கன்வேயர் நின்றுபோனது.
கேட்டுக்கு வெளியே ஒன்பது லாரி.
ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தேன்.
சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்த சோங்
சீட்டை வாங்கவில்லை.
என்ன பாட்டு என்று மலாயில் கேட்டார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
அவருடைய கட்டைவிரல்
ஜன்னல் விளிம்பில் இறங்கியது.
தட்டு.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
தட்டு, தட்டு.
எட்டு மடங்கு மெதுவாக,
பள்ளத்தைத் தாண்டி, முள்ளைத் தாண்டி,
ஆடும் பலகைமேல் ஏறியது.
விரலுக்குத் தெரிந்துவிட்டது;
முகம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

'வௌவால் குகை' என்றார் பிறகு,
தமிழில், எங்கே கற்றாரோ.
அந்தப் பக்கம் போயிருக்கிறாயா?
இல்லை என்றேன்.
அவர் போயிருக்கிறார். ஒரே ஒரு தடவை,
சீனப் பெருநாள் காசு முழுவதையும் கொட்டி.
என்ன இருந்தது என்று கேட்கப் போனேன்,
பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது,
நீளமாக, பொறுமையில்லாமல்.
அவர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
இப்போது ஐந்து நிமிடம் இருபத்தெட்டில்,
முதல் சுரத்துக்குத் திரும்ப வேண்டிய அதே இடத்தில்,
அந்த ஹாரன்.
வெட்டிவிடலாம்.
இரண்டு முறை கத்திரியை அங்கே கொண்டுபோனேன்.

செவ்வாய்க்கிழமை அவர் லாரி மறுபடி வரும்.
கேட்பேனா என்று தெரியவில்லை.
இப்போது வேறொருவர் ஏறுகிறார்.
இரும்பு முனகுகிறது.
இருபத்தோராயிரத்து முந்நூறு,
முந்நூற்று நாற்பது,
முந்நூற்று இருபது,
முந்நூற்று